மராகேஷ் கடைவீதி: நூல் தெரிஞ்சவங்க பார்வையில்

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தே ரகம் சொல்றவங்களுக்கு மொராக்கோவின் மராகேஷ் கடைவீதி பாதி பழகின இடந்தானுங்க. ஏமாறுவது மீதிப் பாதியில்.

முதல் கண்ணி ‘சப்ரா’. கற்றாழைப் பட்டு என்று சொல்லி சூக் செம்மரீன் தெருவில் திண்டு உறையும் போர்வையுமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கற்றாழை நார் சொரசொரப்பானது, இந்த வழவழப்பு அதில் வராது. பெரும்பாலும் விஸ்கோஸ்தான், நம்ம ஊர் ரேயான். ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். முடி கருகின வாடை வந்தால்தான் பட்டு. விஸ்கோஸ் மட்டமான சரக்கல்ல, நிறமெல்லாம் அருமையாக இருக்கும். பட்டு விலை மட்டும் கொடுத்துராதீங்க. துவைக்கும்போது முறுக்கிப் பிழியவும் கூடாது, ஈரத்தில் அந்த இழைக்கு வலு குறைஞ்சுபோகும்.

கம்பளத்தைப் புரட்டிப் பாருங்க. கைமுடிச்சு என்றால் முன்பக்க டிசைன் பின்னாலும் தெரியும், வரிசை கொஞ்சம் கோணலாக இருக்கும். பின்னால் துணி ஒட்டி மறைத்திருந்தால் பசை வேலை. குஞ்சம், நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நீட்சியாக இருக்கணும், தைத்துச் சேர்த்ததாக இருக்கக் கூடாது. முடிச்சே இல்லாத தட்டை நெசவு நம்ம பவானி ஜமக்காளத்துக்குப் பங்காளி. அதற்குக் கைமுடிச்சு விலை சொன்னால் நகர்ந்துடுங்க.

ரஹ்பா கதீமா சதுக்கத்துப் பக்கம் குங்குமப்பூ விற்பார்கள். மஞ்சள் மண்டி ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா, பொடியாக வாங்கவே கூடாது. தண்ணீரில் போட்டால் மஞ்சள் மெல்ல இறங்கணும், இழை சிவப்பாகவே நிற்கணும். போட்டதும் சிவப்பாகக் கலங்கினால் சாயம். ஆர்கன் மரக்கொட்டை எண்ணெயில் இரண்டு வகை: கொட்டைப் பருப்பை வறுத்து ஆட்டினது சமையலுக்கு, வறுக்காதது தோலுக்கு.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பல கடைகள் பூட்டியிருக்கும். சின்னக் கடைகளில் கார்டு செல்லாது.

ஜமா அல்-ஃப்னா சதுக்கத்தில் பொழுது சாயும்போது அடுப்புகள் எரியத் தொடங்கும். சைவக்காரங்க கவனிக்கணும்: மண்சட்டியில் வேகும் காய்கறித் தாஜினிலும் ஹரீரா சூப்பிலும் கறிச்சாறு சேர்ந்திருக்கலாம். காய்ந்த ஃபாவா பயறை வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவித் தருகிற பிஸாரா வயிறு நிறைக்கும். கத்திரிக்காய் ஸாலூக்கும் நல்ல தொட்டுக்கை. மைதாவும் ரவையும் பிசைந்து, சதுரமாக மடித்துச் சுடும் ம்ஸெமென் பரோட்டாவுக்குத் தம்பி முறை. தேனோடு தருவார்கள், குருமா கேட்காதீங்க. கேட்காமலே வைக்கும் ஆலிவும் ரொட்டியும் பில்லில் ஏறலாம், முதலிலேயே விசாரிச்சுக்கணும்.

கதைசொல்லிகள், கினாவா இசைக்காரர்கள் எல்லாம் அதே சதுக்கத்தில்தான். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலைவெளி அது. சில்லறை கையில் இருக்கட்டும். பாம்பாட்டியைப் போட்டோ எடுத்தால் காசு கேட்பார், எடுக்கும் முன்பே தொகையைப் பேசிடணும். மருதாணிக் குழம்பு கன்னங்கரேலென்று இருந்தால் கையை இழுத்துக்குங்க. அதில் முடிச்சாயத்துக்குப் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம், தோல் கொப்புளித்துவிடலாம்.