நான்கு நாவல் என்று விற்று மூன்றை அனுப்பும் கடை: ஸ்டீபன் கிங் பழைய பதிப்பு தேடுவோர் கவனத்திற்கு

அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் பழைய பதிப்புகளைத் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். கோலாலம்பூரில் பழைய ஆங்கிலப் புத்தகங்களுக்கு இணையத்தில் படம் போட்டு விற்கும் ஒரு கடை, நான்கு நாவல்கள் அடங்கிய ‘தி பாக்மன் புக்ஸ்’ தொகுப்பு என்று சொல்லி என்னிடம் 280 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, மூன்று நாவல்கள் உள்ள புத்தகத்தைப் பினாங்குக்கு அனுப்பிவைத்தது. தவறுதலாக மாறிப்போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். தெரிந்தே மாற்றியிருக்கிறார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கிங் 1977 முதல் ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரிலும் எழுதிவந்தார். 1985-இல் வாஷிங்டனில் ஒரு புத்தகக் கடை ஊழியர் பதிப்புரிமை ஆவணங்களைத் தோண்டி உண்மையைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் பாக்மன் பெயரில் வந்த முதல் நான்கு நாவல்களையும் சேர்த்து ‘தி பாக்மன் புக்ஸ்’ என்று ஒரே தொகுதியாக வெளியிட்டார்கள். அதில் முதலாவது ‘ரேஜ்’. ஒரு மாணவன் துப்பாக்கியோடு வகுப்பறையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கதை. 1997 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவன் சக மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அவனிடம் இந்த நாவலின் பிரதி இருந்தது தெரியவந்ததும், இனி இதை அச்சிட வேண்டாம் என்று கிங்கே பதிப்பாளரிடம் சொல்லிவிட்டார். பிற்காலத்து அச்சுகளில் அதே தலைப்பில் மூன்று நாவல்கள்தான் இருக்கும். ‘ரேஜ்’ வேண்டுமென்றால் பழைய பிரதியைத்தான் தேட வேண்டும். விலை ஏறியதற்கும், ஏமாற்ற வழி பிறந்ததற்கும் காரணம் இதுதான்.

அந்தக் கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: உள்ளடக்கப் பக்கத்தின் படம். உடனே அனுப்பினார். நான்கு தலைப்புகளும் தெளிவாக இருந்தன. பக்கத்தின் மூலையில் பாதி வட்டமாக ஒரு தேநீர்க் கறை, ஓரத்தில் புத்தகத்தைப் பிடித்திருந்தவரின் விரல் நகம். “நான்கும் இருக்கிறது அண்ணே, கவலை வேண்டாம்” என்று எழுத்திலும் உறுதி கொடுத்தார். பணம் போனது, கூரியரில் புத்தகம் வந்தது. பிரித்துப் பார்த்தால் கறை இல்லை, தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, உள்ளடக்கத்தில் மூன்றே தலைப்புகள். ‘ரேஜ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தி லாங் வாக்’ தொடங்குகிறது.

கூப்பிட்டேன். “அண்ணே, எல்லாம் ஒரே புத்தகம்தான். அட்டையில் பெயர் ஒன்றுதானே?” என்றார். பெயர் ஒன்றுதான் தம்பி, உள்ளே ஒரு நாவல் எங்கே என்றேன். “பழைய புத்தகம் என்றால் கூடக் குறைய இருக்கும்.” ஒரு பக்கம் கிழிந்திருந்தால் கூடக் குறைய என்று சொல்லலாம். ஒரு முழு நாவலே இல்லாததற்கு வேறு பெயர் உண்டு. அதன் பிறகு, விற்ற புத்தகத்தைத் திரும்பப் பெறுவது கடை வழக்கம் இல்லை என்று தொடர்பைத் துண்டித்தார். அன்று இரவே அவர் அனுப்பிய படமும் உறுதிமொழியும் உரையாடலிலிருந்து அழிக்கப்பட்டன. பணம் அனுப்பும் முன்பே அவற்றை நான் தனியாகச் சேமித்து வைத்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

சேமித்த படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் முழுக் கூத்தும் விளங்கியது. அதே கறை, அதே விரல் நகம், வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்றில். அந்தப் பிரதி எப்போதோ விற்றுப்போயிருந்தது. ஆக, கடைக்காரரிடம் நான்கு நாவல் பிரதி ஒருநாளும் இருந்ததே இல்லை.

திரும்பப் பெறமாட்டோம் என்று கடை சொல்லிவிட்டால் முடிந்தது என்று நம் ஆட்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி எப்படி வர்ணித்தாரோ பொருள் அப்படி இருந்தாக வேண்டும். கடை தன் விருப்பத்துக்கு எழுதி ஒட்டும் அறிவிப்பால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும், எதிர்த்தரப்பு வியாபாரியாக இருக்க வேண்டும். வீட்டு அலமாரியைக் காலி செய்யும் தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி உதவாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது வேறு விவகாரம். அப்போது தாமதிக்காமல் மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணை அழைத்துவிட வேண்டும்.

நானும் அந்த மன்றத்தில் மனுக் கொடுத்தேன். அதன் நகல் கைக்குப் போனதும் கடைக்காரரின் குரல் மாறிவிட்டது. புத்தகத்தைத் திருப்பி அனுப்பினேன், 280 வெள்ளி வந்தது. கூரியர் செலவு வரவில்லை. அதற்காக மறுபடி மல்லுக்கட்டும் பொறுமை எனக்கில்லை.

இதே கடை கெட்டி அட்டைப் புத்தகங்களையும் ‘முதல் பதிப்பு’ என்று போட்டு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறது. கிங்கின் ஆரம்பகால நூல்களை அமெரிக்காவில் டபுள்டே நிறுவனம் வெளியிட்டது. 1974-இல் வந்த ‘கேரி’தான் முதல் நாவல். அவற்றுக்குப் புத்தகக் கழக உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சடித்த பதிப்புகளும் உண்டு. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். கடையில் விற்ற பதிப்பின் மேலுறை மடிப்பில் விலை அச்சிட்டிருக்கும், கழகப் பதிப்பில் இருக்காது. பின் அட்டையின் கீழ் மூலையில் சிறிய பள்ளம் போன்ற முத்திரை இருந்தாலும் அது பெரும்பாலும் கழகப் பதிப்புதான். இந்தக் கடை போடும் படங்களில் மேலுறையின் மூலை கத்தரிக்கப்பட்டே இருக்கிறது. பரிசாகக் கொடுப்பவர்கள் விலையைக் கத்தரிப்பது உண்டுதான். ஆனால் ஒரு கடையின் எல்லாப் புத்தகங்களும் பரிசாகவா வந்திருக்கும்?

பினாங்கு ரோட்டில் சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் விற்கும் நானாக்களிடம் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. விலையில் கறாராக இருப்பார்கள், பேரம் பேசினால் முகம் சுளிப்பார்கள். ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டலாம். வெள்ளிப்பூச்சி அரித்ததா, நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்ததா, எத்தனை நாவல் இருக்கிறது, எல்லாம் கண்ணுக்கு முன்னால். அங்கே கிடைக்காதபோதுதான் இணையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்படிப் போனால் வெறும் படம் போதாது. உள்ளடக்கப் பக்கத்தின்மீது உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுத் தாளை வைத்து எடுத்த படம் கேளுங்கள். பதிப்புரிமைப் பக்கத்தையும் அப்படியே கேளுங்கள். புத்தகம் கையில் உள்ளவருக்கு அது இரண்டு நிமிட வேலை. ‘நான்கு நாவல்கள் உள்ள பிரதி’ என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் மன்றத்துக்குப் போனால் அந்த ஒரு வரி போதும்.

சென்ற வாரம் அந்தக் கடையின் பக்கத்தில் ‘தி பாக்மன் புக்ஸ்’ மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 320 வெள்ளி. உள்ளடக்கப் படத்தில் அதே தேநீர்க் கறை. யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். அழிக்கப்பட்ட செய்திகளின் படங்களும் மனுவின் நகலும் என்னிடம் இருக்கின்றன, தருகிறேன்.