அகேடியாவின் இலையுதிர்கால விடியல்: கேடிலாக் உச்சியா, பவுல்டர் பீச்சா, ஜோர்டன் குளமா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் இருக்கும் அகேடியா தேசியப் பூங்காவில் இலைகள் முழு நிறம் கொள்வது பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான். அப்போது சூரியன் உதிக்க 6.50 மணி ஆகிவிடும். ஒரு விடியலுக்கு ஓரிடம்தான் வாய்க்கும் என்பதால் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பலரும் கேடிலாக் மலைக்கே போகிறார்கள். இலை நிறத்தைப் படமெடுக்க வருபவருக்கு அது சரியான தேர்வல்ல.

466 மீட்டர் உயரமுள்ள கேடிலாக்கில், கடலையும் தீவுகளையும் மேலிருந்து பார்க்கும் காட்சிதான் பெரிய சொத்து. மேப்பிள் மரங்கள் கீழே வெகு தொலைவில் சின்னப் புள்ளிகளாகிவிடும். கைக்கெட்டும் நிறம் என்றால், இளஞ்சிவப்புக் கிரானைட்டின் இடுக்குகளில் இரத்தச் சிவப்பாக மாறியிருக்கும் தாழ்வான புளூபெரி புதர்கள். அவற்றை 16 முதல் 24 மிமீ அகல லென்ஸில் படத்தின் முன்புறத்தில் வைத்தால்தான் படம் தேறும். செடிகளை மிதிக்காமல் பாறைமீதே நில்லுங்கள். காற்று பலமாக அடிக்கும். ட்ரைபாடின் (கேமராவைத் தாங்கும் முக்காலி) நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். புதர் அசைந்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 800க்கு ஏற்றி, ஷட்டரை 1/250 நொடிக்குக் கொண்டுவாருங்கள். காருக்குத் தனி முன்பதிவு வேண்டும், கட்டணம் 6 டாலர். இடங்களில் 70 சதவீதம் இரண்டு நாள் முன்பு, அங்கத்திய நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு அப்போது வாங்குவதே நல்லது.

பவுல்டர் பீச்சுக்கு இந்த முன்பதிவு தேவையில்லை. உருண்டைக் கற்கள், எதிரே ஆட்டர் கிளிஃப் பாறை, அதன்மேல் விழும் முதல் வெயில் என எல்லாம் அழகுதான். ஆனால் பாறை உச்சியில் நிற்பது பசுமை மாறாத ஸ்ப்ரூஸ். இலையுதிர்காலம் படத்தில் தெரியவே தெரியாது. அலை திரும்பும் கோடுகளுக்கு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் அரை நொடி முதல் 2 நொடி வரை. இங்கே கடல்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் போங்கள். ஏறும் நேரத்தில் போனால் நின்ற கல்லே நனைந்துவிடும். வற்றிய பின் வெளிவரும் கீழ்க்கற்கள் பாசியால் வழுக்கும். உப்புத் தூறலை லென்ஸிலிருந்து ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்; உலர்த் துணியால் தேய்த்தால் உப்பே கீறிவிடும்.

ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறதென்றால் ஜோர்டன் குளத்துக்குப் போங்கள். தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் பபிள்ஸ் என்ற இரட்டைக் குன்றுகள், இருபுறமும் நிறம் மாறிய சரிவுகள். கிழக்கே பெமெட்டிக் மலை மறைப்பதால், உதயமான கையோடு குளத்தில் வெயில் விழாது. முதலில் இடப்பக்கம் பெனாப்ஸ்காட் மலையின் உச்சி சிவக்கும், பிறகு ஒளி மெல்லக் கீழே இறங்கும். அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். காற்று எழுவதற்குள் பிரதிபலிப்பை எடுத்துவிடுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டியான போலரைசரை முழுதும் திருப்பினால் நீரில் தெரியும் மலையே அழிந்துபோகும். சூரியன் வலப்பக்கம் இருப்பதால் அகல லென்ஸில் வானமும் ஒரு பக்கம் திட்டாகக் கறுக்கும். கால்வாசி திருப்பினால் போதும்.

மேகம் மூடித் தூறுகிறதா? மூன்றையும் விட்டுவிட்டு சியூர் டி மான்ட்ஸ் பகுதியின் ஜெசப் பாதைக்குப் போங்கள். 1947இல் மூண்ட காட்டுத்தீ, பூங்கா இருக்கும் மவுண்ட் டெசர்ட் தீவின் கிழக்குப் பக்கத்தை எரித்தது. ஊசியிலைக் காடு அழிந்த இடங்களில் பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைத்தன. கிழக்குப் பக்கம் இவ்வளவு மஞ்சளாக இருப்பதற்கு அதுவே காரணம். நனைந்த இலையை உற்றுப் பாருங்கள்: மேலே வெள்ளையாக ஒரு பளபளப்பு படிந்திருக்கும். போலரைசரை மெல்லத் திருப்பினால் அது விலகி உள்ளே இருக்கும் சிவப்பு எழும். இங்கே முழுதும் திருப்பலாம். சிவப்பு இலைகளுக்குப் பொது ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) ஏமாற்றும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியை) ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறையுங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விட்டால் மஞ்சள் வெளிறும், டேலைட்டில் நிறுத்துங்கள். பாதை மரப்பலகையால் ஆனது. யாராவது நடந்தாலே ட்ரைபாட் அதிரும். காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகு ஷட்டரை அழுத்துங்கள்.