பழைய 8085 கிட்: 2,800 ரூபாய்க்குத் தகுமா?

எடைமேடைகளுக்குப் பழுது பார்ப்பது என் தொழில். மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆய்வகத்தில் ஒரு கிட்டுக்கு ஆறு பேராம். இவள் கை விசையில் படுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. அதனால் போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் மாணவர்கள் நிரல் அடித்துப் பழகும் பழைய 8085 மைக்ரோபிராசசர் கிட் ஒன்றை வாங்கி வந்தேன். எட்டு எல்இடி கொண்ட இன்டர்ஃபேஸ் போர்டு, ரிப்பன் கேபிள், கையேட்டின் நகல் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். 1976இல் வந்த சில்லை இப்போது வாங்குகிறீர்களே என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார்.

முதல் நாளே தகராறு. வெளிச்சாதனங்களுடன் பேச 8085க்கு உதவுவது 8255 என்ற சில்லு. ஏ, பி, சி என அதற்கு மூன்று போர்ட்டுகள், நான்காவதாக ஒரு கட்டுப்பாட்டு முகவரி. அந்த முகவரிக்கு 80 (முகவரிகளும் அனுப்பும் எண்களும் ஹெக்ஸ், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்கள்தான்) அனுப்பினால் மூன்று போர்ட்டுகளும் வெளியீடாக மாறும். பிறகு ஏ போர்ட்டுக்கு 55 (இரும எண்ணில் 01010101) அனுப்பினால் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு எல்இடிகள் எரிய வேண்டும். கையேட்டில் முகவரி 00 முதல் 03 வரை என்று இருந்தது. அப்படியே அடித்தோம். ஒன்றும் எரியவில்லை.

“அப்பா, போர்டைப் பார்க்காதீர்கள், டிஸ்ப்ளேயைப் பாருங்கள்” என்றாள்.

கிட்டின் டிஸ்ப்ளேயில் ஓர் இலக்கம் மட்டும் எந்த எண்ணிலும் சேராத கோலமாக மாறியிருந்தது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ‘உன்னைத்தான் கூப்பிடுகிறேன்’ என்று 8255க்குச் சொல்லும் அதன் ஆறாம் முனையிலிருந்து தடம் பிடித்துப் போனேன். முகவரியைப் பார்த்து எந்தச் சில்லைக் கூப்பிடுவது என்று பிரித்துவிடும் 74138 என்ற சில்லின் பதினோராம் முனையில் போய் நின்றது. அப்படியானால் 8255 இருப்பது 10 முதல் 13 வரை. 00இல் குடியிருப்பவர் விசைகளையும் டிஸ்ப்ளேயையும் கவனிக்கும் 8279. கடைக்காரர் வேறு மாடலின் கையேட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அந்தத் தவறுக்காகவே இன்னொரு நூறு ரூபாய் கொடுக்கலாம். 8279க்கு 80 என்றால் ‘முதல் இலக்கத்தில் எழுதப் போகிறேன்’ என்று பொருள். அடுத்து வந்த 55ஐ எழுதச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அந்த இலக்கத்தின் கோடுகளில் பாதியை எரியவிட்டிருக்கிறது. பிராசசர் எண்ணை வெளியே வைத்ததோடு சரி. யார் வாங்கினார், என்னவென்று புரிந்துகொண்டார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிரல் முடிந்து அது நின்றுபோன பிறகும் 8279 தன் போக்கில் அந்தக் கோலத்தை எரியவிட்டுக்கொண்டே இருந்தது. புதுப் போர்டுகளில் ஒரே வரியில் எல்இடி எரிந்துவிடுகிறது. இந்த நடுவாள்களை யாரும் பார்ப்பதில்லை.

முகவரியை மாற்றியதும் எரிந்தது, நான்குக்குப் பதில் மூன்று. ஒரு காலில் ஈயம் விட்டிருந்தது, வைத்துவிட்டேன்.

பிறகு சுவிட்சைப் படித்தோம். அழுத்தியாயிற்றா, அழுத்தியாயிற்றா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும் மூன்று கட்டளை நிரலுக்கு ஒரு சுற்று 27 கடிகாரத் துடிப்புகள். 3 மெகாஹெர்ட்ஸில் அது 9 மைக்ரோநொடி. நொடிக்கு லட்சம் முறைக்கு மேல் கேட்கிறது. அதற்குப் பதில் இன்டரப்ட் (குறுக்கீடு) விசையை அழுத்தினால், செய்கிற வேலையை விட்டு 003சி முகவரிக்கு ஓடுகிறது. இதை மகளே எழுதினாள்.

வாங்குகிறவர்கள் கையேட்டை நம்பாமல் கடையிலேயே ஒரு எல்இடியை எரித்துப் பாருங்கள். ரிப்பன் கேபிளில் சிவப்புக் கோடு ஒன்றாம் முனைப் பக்கம் இருக்கட்டும். எங்கள் கிட்டின் இன்டரப்ட் விசை தேய்ந்தது. ஒருமுறை அழுத்தினால் மூன்று என்று எண்ணுகிறது. விசையை மாற்றலாம் என்கிறேன் நான். நிரலில் தாமதம் வைத்தால் போதும் என்கிறாள் அவள்.