ஸ்டிக்கரில் 88, உள்ளே 18

போன ஐப்பசியில் முருங்கையைக் கழிக்க ஆள் கிடைக்கவில்லை. திருவானைக்காவலில் மரம் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது, இன்னொருவர் போனை எடுப்பதில்லை. மழை பிடித்துவிட்டால் கம்பளிப்பூச்சி மரத்தோடு நிற்காது, சுவரேறி ஜன்னல் வழியாகத் துணிக்கொடிக்கே வந்துவிடும். அவசரத்தில் ஆன்லைனில் ஒரு குட்டி செயின் சா வாங்கினேன். ஆறு அங்குலம், ஒரு கையில் அடங்கும். பேட்டரி மேல் தங்க எழுத்தில் ‘88 வி.எஃப்’ என்று ஸ்டிக்கர்.

முருங்கையில் வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆனால் முருங்கையெல்லாம் ஒரு மரமா, கையால் வளைத்தாலே ஒடியும். எலுமிச்சைக்குப் போனதும் இரண்டாவது கிளையிலேயே செயின் கழன்று தொங்கியது. அதற்குத் தானாக எண்ணெய் விடும் வசதி கிடையாது, நாம்தான் அவ்வப்போது சொட்டு விட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. தை பிறப்பதற்குள் பேட்டரியும் செத்தது.

தெருமுனையில் மோட்டார் காயில் கட்டுகிற தம்பியிடம் கொண்டுபோனேன். நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே பென்டார்ச் செல்லைவிடக் கொஞ்சம் தடிமனாக ஐந்து செல், வரிசையாக. “எண்ணிக்கோங்க அக்கா. ஒண்ணு 3.6 வோல்ட். அஞ்சு சேர்ந்தா எவ்வளவு?” பதினெட்டு. “அப்ப இந்த 88?” என்றேன். “அது ஸ்டிக்கர் அக்கா.”

முழுசாக சார்ஜ் ஏறினால் ஒரு செல் 4.2 வோல்ட் வரை போகும். ஐந்துக்கு 21. அதனால்தான் கடையில் 18, 20, 21 என்று மூன்று பெட்டி அடுக்கியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். ஒருவர் சராசரியை எழுதுகிறார், இன்னொருவர் உச்சத்தை எழுதுகிறார். பார்க்க வேண்டியது அடுத்த எண்ணை, ஆம்பியர் அவரை. 18 வோல்ட்டில் 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர், 4 என்றால் 72. எவ்வளவு நேரம் ஓடும் என்பது அதில்தான் இருக்கிறது.

இந்தப் பாடத்தோடு காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், பாஷ் நீல வகையில் ஒரு 18 வோல்ட் ஹேமர் டிரில் வாங்கினேன். இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், பெட்டியோடு. கலரை ஏன் சொல்கிறேன் என்றால், அதே கம்பெனியில் பச்சையும் உண்டு. பச்சை வீட்டு உபயோகத்துக்கு, நீலம் தொழில் செய்கிறவர்களுக்கு. இரண்டும் 18 வோல்ட்தான், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது. மகிட்டா கம்பெனியிலும் இந்தக் கூத்து உண்டு: அவர்களுடைய ஜி வகை பேட்டரி அவர்களுடைய எல்.எக்ஸ்.டி. வகை மிஷினில் உட்காராது. ஆகவே டிரில் வாங்கப் போகிறோம் என்று நினைக்காதீர்கள். பேட்டரியைத்தான் வாங்குகிறோம், சம்பந்தம் பேசுகிற மாதிரி. பின்னால் வருகிற மிஷின்களெல்லாம் அந்த வீட்டு ஆட்கள். அவர்களிடம் செடி வெட்டுகிற மிஷின் உண்டா, ஊதுகிற மிஷின் உண்டா, அது நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

டிரில்லைப் பற்றி. மொட்டை மாடியில் ஷேட் நெட்டுக்கு ஜி.ஐ. பைப் சட்டம் அடித்தபோது அதன் அருமை தெரிந்தது. முன்பெல்லாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாடிப்படியில் இழுத்து, யாராவது காலைத் தடுக்கி, சண்டை. இப்போது பெல்ட்டில் சொருகாத குறை. அலமாரிக் கதவுக் கீலுக்கும் நல்ல கை. கழுத்தில் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அதை ஐந்து ஆறில் வைத்தால் ஸ்க்ரூ உட்கார்ந்ததும் டக்டக்கென்று தானே விட்டுக்கொடுக்கும். இதைத் தெரியாமல் வளையத்தை டிரில் படம் போட்ட இடத்தில் வைத்தே முடுக்கி, பிளைவுட்டில் நாலு ஸ்டார் ஸ்க்ரூவின் தலையை மொழுக்கிவிட்டேன்.

செங்கல் சுவரில் 6 மி.மீ. ஓட்டை வெண்ணெய். ஆனால் நம் வீடுகளில் யாரும் நடுச்சுவரில் ஓட்டை போடச் சொல்வதில்லை. திரைச்சீலைக் கம்பிக்குத்தான் சொல்வார்கள், அது ஜன்னலுக்கு மேலே, சரியாக லிண்டல் கான்கிரீட்டில். அங்கே ஒரு ஓட்டைக்குப் பத்து நிமிஷம் நின்றேன். கை மரத்துப்போனது, பிட் நுனி நீலம் பாய்ந்தது, ஆழம் அரை அங்குலம். இது இந்த மிஷினின் குறையில்லை, ஹேமர் டிரில் என்ற சாதியே அப்படித்தான். உள்ளே பல் வைத்த இரண்டு தட்டு ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளும், அவ்வளவுதான் அடி. நாம் அழுத்துகிற அழுத்தம்தான் அதன் பலம். கான்கிரீட்டுக்கென்றே இருக்கிற ரோட்டரி ஹேமர் வேறு சாதி: அதில் பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று சுத்தியலைத் தள்ளும். பிட்டின் வாலிலும் பள்ளம் வெட்டி, தானே கிளிக்கென்று மாட்டிக்கொள்ளும் எஸ்.டி.எஸ். வகை. ஆசாரியிடம் இருந்த கரண்டில் ஓடும் பழைய ரோட்டரி ஹேமரை இரவல் வாங்கி அதே இடத்தில் வைத்தேன். ஒரு ஓட்டைக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வருஷத்துக்கு நாலு லிண்டல் ஓட்டைக்காக கார்ட்லெஸ் ரோட்டரி ஹேமர் வாங்குவது வீண். இரவல் வாங்குங்கள், அல்லது ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்து அதே பேட்டரி ஏறுகிற ப்ளோயர், அதாவது காற்று ஊதுகிற மிஷின். வேப்பிலை உதிர்கிற மாசி பங்குனியில் வாசலை இரண்டு வேளை பெருக்கிப் பாருங்கள், ஏன் வாங்கினேன் என்று புரியும். காய்ந்த இலையை மூலைக்கு ஓட்டிவிடும். ஈரச் சருகு அசையாது, விளக்குமாறுதான். ஆனால் இது பேட்டரி தின்னி: டிரில்லில் ஒரு வாரம் வருகிற 2 ஆம்பியர் அவர் பேட்டரி, இதில் ஆறேழு நிமிஷத்தில் படுத்துவிடும். தோட்ட வேலை உத்தேசம் இருந்தால் முதலிலேயே ஒரு 4 ஆம்பியர் அவர் சேர்த்து வாங்குங்கள். தனியாகப் பிறகு வாங்கும்போது விலை கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

சித்திரை மதியத்தில் ஊதி முடித்த சூட்டோடு சார்ஜரில் போட்டால் ஏற்றாது, விளக்கை மட்டும் மினுக்கும். பழுதில்லை, ஆறட்டும் என்கிறது. இந்த பேட்டரிகளெல்லாம் லித்தியம் வகை, அதற்குச் சூடு ஆகாது. அதனால் மாடி ஷெட்டிலிருந்து பேட்டரிகளைக் கீழே கொண்டுவந்து சாமான் அறையில் பாதிச் சார்ஜில் வைத்திருக்கிறேன். மாமியார் அதைப் பார்த்து, “ஊறுகாய் ஜாடி மாதிரி பாத்துக்கறே” என்கிறார்.

செயின் சா இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது. தம்பி இரண்டு செல் மாற்றித் தருகிறேன் என்றான். பழையதோடு புதியதைக் கலந்தால் சரியாக வராதே என்றேன். “அதுவும் கத்துக்கிட்டீங்களா” என்று சிரித்தான். போன வாரம் எலுமிச்சையைக் கைவாளால் கழித்தேன். மூன்று கிளை, இருபது நிமிஷம், முழங்கையில் இரண்டு முள்.