ருமேனிய மொழியில் ‘செய்’ போடுவதா, ‘எடு’ போடுவதா?

ருமேனியன் படிக்கத் தொடங்கியவர்கள் அதிகம் தடுமாறுவது ‘ஃபாச்சே’ (செய்), ‘லுவா’ (எடு) இரண்டில்தான். ஆங்கிலத்தின் ‘மேக்’, ‘டேக்’கை அப்படியே மாற்றினால் பாதி இடத்தில் சறுக்கும்.

பொருள்
ஃபாச்சே: ‘டேக் எ ஷவர்’ இங்கே ‘ஃபாச்சே டூஷ்’. போட்டோ எடுப்பதும் ‘ஃபாச்சே ஓ போஸ’, அதாவது போட்டோ ‘செய்வது’. தமிழும் இங்கே காலை வாரும்.
லுவா: ‘மேக் எ டிசிஷன்’ என்பது ‘லுவா ஓ தெச்சீஸியே’. ‘முடிவெடு’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இனாம்.

திரிபு
ஃபாச்சே: நான், நீ, அவன் என்ற வரிசையில் ஃபாக், ஃபாச், ஃபாச்சே. சமாளிக்கலாம்.
லுவா: அதே வரிசையில் யாவ், யேய், யா. ‘லு’ எங்கே போனதென்று தேடவேண்டும்! இறந்தகாலத்தில் ‘அம் லுவாத்’ என்று திரும்பிவரும்.

மரபுத்தொடர்
ஃபாச்சே: ‘ஃபாச்சே கு ஓக்யுல்’, சொல்லுக்குச் சொல் ‘கண்ணால் செய்’. பொருள், கண்ணடிப்பது.
லுவா: ‘லுவா பெஸ்தே பிச்சோர்’, ஒருவரைக் ‘காலுக்கு மேலே எடுப்பது’. வேறொன்றுமில்லை, கிண்டலடிப்பதுதான்.

ஒரு வாரப் பயணத்துக்கு ஃபாச்சே போதும். குளியல், படம், கடைக்குப் போவது எல்லாம் அதில் அடங்கும். அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் லுவாவை முதலில் பிடியுங்கள். பஸ் ஏறுவது, காலை உணவு, ஆபீஸ் முடிவுகள் அத்தனையும் அதன் கையில்.