ஒரு டன் கை வின்ச்: நான்கு வருடம் சுற்றிய பிறகு

நான் இப்போது பயன்படுத்தும் வின்ச் (கைப்பிடியைச் சுற்றி, கயிற்றை டிரம் என்ற உருளையில் சுருட்டிச் சுமையை இழுக்கும் கருவி) கடையில் வாங்கியதில்லை. நானே வரைந்து, தெரிந்த பட்டறையில் பக்கத்தில் நின்று செய்து வாங்கியது. நான்கு வருடமாகப் பழைய இயந்திரங்களை வண்டியில் ஏற்றுவதும், வெட்டிப் போட்ட மரங்களைச் சரிவில் இழுப்பதும் இதை வைத்துத்தான். கை வின்ச் ஒன்றைப் பலமாகச் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கியர் எத்தனைக்கு எத்தனை வைத்தீர்கள்?" என்பதுதான். நானும் ஒரு காலத்தில் அங்கேதான் தொடங்கினேன். இப்போது யாராவது கேட்டால் சட்டத்தைப் பற்றியும், ராட்செட் நாக்கு (பல்சக்கரத்தில் விழுந்து, அது பின்னோக்கிச் சுற்றாமல் பிடிக்கும் துண்டு) எந்த ஷாஃப்டில், அதாவது எந்தச் சுழல்தண்டில் இருக்கிறது என்பதைப் பற்றியும்தான் முதலில் பேசுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

இதற்கு முன்னால் வைத்திருந்தது தகட்டை மடித்துச் செய்த சாதாரண வின்ச். மேலே ஒரு டன் என்று எழுதியிருந்தது. சுமார் 600 கிலோ எடையுள்ள ஒரு பழைய லேத்தின் அடிப்பாகத்தைச் சாய்வுப் பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பலகையின் சாய்வு 20 டிகிரி இருக்கும். கணக்குப் போட்டால் சாய்வுக்கு 205 கிலோ, மரப்பலகையின் உராய்வுக்கு இன்னொரு 220 கிலோ, ஆக மொத்தம் 430 கிலோவுக்குள்தான் இழுப்பு. எழுதியிருந்த அளவில் பாதிகூட இல்லை. முக்கால்வாசி ஏறியதும் 'டக் டக்' என்று இரண்டு சத்தம். பினியன், அதாவது சின்ன கியர், பல் தாண்டியது. அடுத்த நொடி கைப்பிடி கையை விட்டுப் போய்த் தலைகீழாகச் சுழன்றது. பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே வந்ததால் லேத் இரண்டடி இறங்கி நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டிருந்த தம்பியின் மணிக்கட்டில் கைப்பிடி பட்டு இரண்டு வாரம் வீக்கம். ஆப்பு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்று இரவே அதைப் பிரித்துப் பார்த்தேன். பல் எதுவும் உடையவில்லை. ஆனால் பெரிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிலும் நுனியில் மட்டும், நகக்கீறல் அகலத்துக்கு, ஒரு பளபளப்பான கோடு. அதற்குக் கீழே தொழிற்சாலையில் பூசிய கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. பல மாதங்களாக அந்தப் பற்கள் முழுசாகக் கடிக்காமல் நுனியில் மட்டுமே தொட்டுக்கொண்டு ஓடியிருக்கின்றன. சுமை ஏற ஏறச் சட்டம் விரிந்து, இரண்டு ஷாஃப்டும் விலகியிருக்கின்றன. சுமையை இறக்கியதும் தகடு பழைய இடத்துக்கு வந்துவிடும். அதனால் சும்மா நிற்கும்போது எத்தனை முறை பார்த்தாலும் குறை தெரியாது.

கியர் பல் சுமையை நேராக மட்டும் தள்ளுவதில்லை. பல்லின் பக்கம் சாய்ந்திருப்பதால் இரண்டு ஷாஃப்டையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கவும் தள்ளும். வழக்கமான 20 டிகிரிப் பல்லில் இந்த விலக்கும் விசை, பல்லின் மேல் வரும் விசையில் 36 சதவீதம். பல்லில் 560 கிலோ வந்தால், 200 கிலோ ஷாஃப்டுகளைப் பிரிக்கப் பார்க்கும். மூன்று மி.மீ. தகட்டுச் சட்டம், அதுவும் ஒரு பக்கம் மட்டும் தாங்கல் உள்ள பினியன், இதற்கு எப்படி நிற்கும்?

அதனால் புது வின்ச்சில் முதலில் முடிவு செய்தது சட்டம்தான். இரண்டு 10 மி.மீ. தகடுகள், நடுவில் நான்கு இடைத்தண்டுகள். ஒவ்வொரு இடைத்தண்டின் இரு முனையிலும் தோள் கடைந்து, அந்தத் தோள் தகட்டில் முட்டி நிற்கும்படி நட்டுப் போட்டு இறுக்கியது. இரண்டு தகட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் துளை போடச் சொன்னேன். தனித்தனியாகப் போட்டால் ஷாஃப்ட் கோணலாக உட்காரும், பல் ஒரு ஓரத்தில் மட்டும் கடிக்கும். எந்தப் பினியனும் வெளியே தொங்கக் கூடாது, இருபுறமும் தாங்கல் வேண்டும் என்பதில் பட்டறைக்காரரோடு கொஞ்சம் வாக்குவாதம்கூட நடந்தது. கழற்றி மாட்டக் கஷ்டம் என்றார். கஷ்டம்தான், ஆனால் நான்கு வருடத்தில் இரண்டு முறைதான் கழற்றியிருக்கிறேன்.

சரி, கியருக்கு வருகிறேன். இரண்டு கட்டம், இரண்டிலும் 15 பல்லுக்கு 60 பல், அதாவது மொத்தம் 16 மடங்கு. முதல் கட்டம் மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) 3, டிரம் பக்கம் மாட்யூல் 4, அகலம் 40 மி.மீ. ஷாஃப்டும் பினியனும் இஎன் 8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகு. டிரம் ஷாஃப்ட் 40 மி.மீ. கைப்பிடி 350 மி.மீ. டிரம்மின் விட்டம் 90 மி.மீ., கயிறு 8 மி.மீ., ஆகவே முதல் அடுக்கில் கயிற்றின் நடுவரை 49 மி.மீ. ஆரம். 350-ஐ 49-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால் 114 மடங்கு. உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு போனால் மிச்சம் 91. ஒருவர் 15 கிலோ விசையோடு சுற்றினால் முதல் அடுக்கில் 1,370 கிலோ இழுப்பு.

இன்னொரு கட்டம் கியர் சேர்த்து 60 மடங்காக ஆக்கியிருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன். கைப்பிடி ரொம்ப லேசாக இருந்தால், கயிறு அறுபடும் நிலைக்கு வந்தாலும் சுற்றுகிறவருக்குத் தெரியாது. 16 மடங்கில், சுமை ஒரு டன்னைத் தாண்டும்போது தோள் சொல்லிவிடும். என் கணக்கில் கைப்பிடியின் நீளம்தான் இந்த வின்ச்சின் பாதுகாப்பு அளவு. அதனால்தான் அதில் குழாயைச் சொருகி நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கை தாங்காத சுமையை ஷாஃப்டும் பல்லும் கயிறும் தாங்க வேண்டும் என்று கேட்பது அது.

அடுத்து, பிடித்து நிற்கும் வேலை. பழைய வின்ச்சில் ராட்செட் கைப்பிடி ஷாஃப்டில் இருந்தது. அதனால்தான் நடுவில் பல் தாண்டியதும் டிரம்மைப் பிடிக்க எதுவும் இல்லாமல் போனது. புதியதில் டிரம்மோடு சேர்த்தே 24 பல் ராட்செட் சக்கரம் பற்றவைத்திருக்கிறது. அதில் இரண்டு நாக்குகள், ஒன்றுக்கொன்று அரைப் பல் தள்ளி. ஒன்று விழும்போது மற்றொன்று பாதி வழியில் இருக்கும். அதனால் கையை விட்டால் கயிறு 10 மி.மீ. அளவுக்குமேல் பின்வாங்காது. முன்னால் இருக்கும் எல்லா கியரும் கழன்று விழுந்தாலும் சுமை நிற்கும். இழுக்கும்போது கேட்கும் 'டிக் டிக்' சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு மழைநாளில் சத்தம் ஒன்றுவிட்டு ஒன்று கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு நாக்கின் சுருள்வில்லில் சேறு அடைத்து நாக்கு பாதியில் நின்றிருந்தது. அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன் இரண்டு நாக்கையும் விரலால் தூக்கி விட்டுப் பார்க்காமல் சுமை மாட்டுவதில்லை.

சுமையை மெதுவாக இறக்க, கைப்பிடி ஷாஃப்டில் உராய்வு பிரேக் இருக்கிறது. பினியன் ஒரு மரையில் ஏறி, லைனிங் தட்டுகளை அதே ஷாஃப்டில் உள்ள இன்னொரு ராட்செட் சக்கரத்தோடு அழுத்தும். சுமை பின்னால் இழுத்தால் தானே இன்னும் இறுகும். கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பத் திருப்பக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அழகான ஏற்பாடு, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, கயிற்றில் சுமையே இல்லையென்றால் இது இறுகாது. இரண்டு, லைனிங்கில் எண்ணெய் படவே கூடாது. இந்த இரண்டாவதில் நான் தவறிவிட்டேன். இரண்டாம் வருடம் கியருக்குத் தாராளமாகக் கிரீஸ் வைத்தேன். வெயிலில் அது உருகித் தெறித்துப் பிரேக்கில் இறங்கியது. ஒரு மரத்தை இறக்கும்போது கைப்பிடியை நான் திருப்பாமலே கயிறு மெல்ல மெல்ல நழுவியது. உடனே டிரம் நாக்கைப் போட்டு நிறுத்தினேன். லைனிங்கை மாற்றி, கியருக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஒரு தகடு மறைப்பு வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. வரையும்போதே அதற்கு இடம் விடுங்கள்.

ஷாஃப்டுகளுக்குப் பால் பேரிங் போடவில்லை, கன்மெட்டல் புஷ்தான் (வெண்கல வகை உலோகத்தில் கடைந்த உருளை உறை). மெதுவாகச் சுற்றி, அதிகச் சுமை தாங்கி, தூசியில் கிடக்கும் வேலைக்குப் புஷ் போதும். கிரீஸ் நிப்பிள் மட்டும் மறக்க வேண்டாம்.

டிரம் விஷயத்தில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டேன். 25 மீட்டர் கயிறு நான்கு அடுக்காகச் சுற்றுகிறது. நான்காவது அடுக்கில் ஆரம் 49-லிருந்து 70 மி.மீ. ஆகிவிடும். அதே 15 கிலோ கைவிசைக்கு 1,370 கிலோ கிடைத்த இடத்தில் 960 கிலோதான் கிடைக்கும். அதனால் ஒரு வின்ச்சின் திறன் எவ்வளவு என்று யாராவது சொன்னால், எந்த அடுக்கில் என்று கேட்க வேண்டும். நான் 'ஒரு டன்' என்று சொல்வது கடைசி அடுக்கை மனதில் வைத்து. முதல் அடுக்கில் கூடுதல் இழுப்பு கிடைக்கிறதே என்று முழுக் கயிற்றையும் அவிழ்த்துவிடவும் கூடாது. டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். சுமையைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் உராய்வு. முனையைப் பிடித்திருக்கும் சின்ன கிளாம்ப்பை நம்பி இழுக்க முடியாது.

90 மி.மீ. டிரம் சின்னது என்பது என் குறை. கயிற்றைப் போல 11 மடங்குதான். கிரேன்களில் பெரும்பாலும் 18 மடங்கோ அதற்கு மேலோ வைப்பார்கள். பெரிதாக்கினால் இழுப்பு குறையும், கியர் கூட்ட வேண்டும், எடை ஏறும். நான் கயிற்றின் ஆயுளை விட்டுக்கொடுத்தேன். முதல் கம்பிக் கயிறு இரண்டு வருடம்தான் வந்தது. கீழ் அடுக்கு நசுங்கி, கிளாம்ப் அருகே இழைகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டன. ஒரு முறுக்கு நீளத்தில் (ஒரு புரி கயிற்றை ஒருமுறை முழுசாகச் சுற்றிவரும் நீளம்) ஆறு இழை அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. நான் ஐந்திலேயே மாற்றிவிட்டேன். நடுவில் நான்கு மாதம் டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறும் போட்டுப் பார்த்தேன். லேசு, கையில் குத்தாது, தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் கம்பியைப் போல விசிறி அடிக்காது. ஆனால் கல்லிலும் மரப்பட்டையிலும் உரசும் என் வேலைக்கு ஒத்துவரவில்லை. சுமை ஏறினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்கிறது. படகு இழுப்பவர்களுக்கு அதுதான் சரி. நான் மறுபடியும் கம்பிக்கே வந்துவிட்டேன்.

யு-கிளாம்ப் போடும்போது, தடித்த அடிப்பகுதி சுமை தாங்கும் கயிற்றுப் பக்கமும், வளைந்த போல்ட் வெட்டுமுனைப் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட்டே கயிற்றைக் கடித்துவிடும். 8 மி.மீ. கயிற்றுக்கு மூன்று கிளாம்ப். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான சாக்கைப் போட்டுவிடுவேன். கயிற்றுக்கு நேராக யாரையும் நிற்க விடமாட்டேன்.

கை வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முதல் அடுக்கில் கயிறு 19 மி.மீ.தான் வரும். பத்து மீட்டருக்கு ஏறத்தாழ 500 சுற்று. நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் இருபது நிமிடம், மூச்சு வாங்க நின்றால் அரை மணி. அதனால் கைப்பிடியைக் கழற்றி நடு ஷாஃப்டிலும் மாட்டும்படி சதுர முனை வைத்தேன். அங்கே ஒரு சுற்றுக்கு 77 மி.மீ. வரும். தளர்ந்த கயிற்றைச் சுருட்ட மட்டும் இது. கையில் பிடிக்கும் இடத்தில் சுழலும் குழாய் உறை போட்டபிறகுதான் உள்ளங்கையில் கொப்புளம் நின்றது.

ஒரு டன்னுக்கு மேல் தேவைப்படும்போது சுமையில் கப்பி மாட்டி இழுக்கிறேன். உராய்வு போக ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைக்கும், நேரமும் இரட்டிப்பாகும். கப்பியை எங்கேயாவது அசையாமல் கட்டி, கயிற்றைத் திருப்பி வாங்கினால் கப்பியைக் கட்டிய இடத்தில் கயிற்று இழுப்பைப் போல இரண்டு மடங்கு விழும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். கப்பியை மாட்டும் ஷேக்கிளை (யு வடிவ இரும்புக் கொக்கி வளையம்) அந்தக் கணக்கில் எடுங்கள்.

தூக்குவதற்கு இந்த வின்ச்சை நான் தரமாட்டேன். கேட்டவர்களிடம் இல்லை என்றே சொல்லியிருக்கிறேன். 8 மி.மீ. கயிறு நான்கு டன்னுக்குச் சற்று முன்பே அறும். ஒரு டன் இழுப்புக்கு அது நான்கு மடங்குகூட இல்லை. சுமை தூக்கும் கயிற்றுக்கு ஐந்து மடங்காவது வேண்டும். மனிதர் ஏறும் வேலைக்கோ இதை நினைக்கவே கூடாது.

எடை 55 கிலோ. ஒருவரால் நகர்த்த முடியாது, இது பெரிய குறைதான். பெரிய சக்கரங்களில் துளை போட்டு எடை குறைக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். பல்லின் அடியில் வலு குறையாத இடம் பார்த்து ஆறு துளை குறித்து வைத்திருக்கிறேன். தகட்டை மட்டும் மெல்லியதாக்கமாட்டேன். நான்கு வருடம் கழித்துப் போன மாதம் பிரித்தபோது பற்களின் தேய்மானம் முழு அகலத்துக்கும், நுனியிலிருந்து பாதிக்குக் கீழ் வரைக்கும் ஒரே சீராக இருந்தது. டிரம் பக்கத்துப் புஷ் ஒன்றில் மட்டும் கொஞ்சம் ஆட்டம். அதை மாற்றப் புது புஷ் கடையக் கொடுத்திருக்கிறேன்.