கல்யாண டிவிடியில் கெட்டிமேளம் பிந்துகிறதா? மூன்று மென்பொருள் வழிகள், எது எதற்கு?

சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் பிஜிபி மண்டபத்தில் எடுத்த பழைய கல்யாண டிவிடி. கணினிக்கு மாற்றிப் பார்த்தால் தாலி ஏறி ஒரு நொடி கழித்துத்தான் கெட்டிமேளம் கேட்கிறது. உடனே ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் வேறு செட்டிங் வைத்து மறுபடி மாற்றுவதுதான் வழக்கம். நேரம்தான் போகும், கோளாறு போகாது. கோளாறு எந்த வகை என்று அளக்காமல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை.

அளக்கத் தவில்காரரைப் பாருங்கள். குச்சி தோலில் படும் கணம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஒலியும் கூர்மையாக எழும். உதட்டசைவை வைத்து இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடியாது. விஎல்சி என்ற காணொளி ஓட்டும் மென்பொருளில் அந்த இடத்தை ஓடவிட்டு, ஒலி பிந்தினால் ‘ஜே’ விசையையும் முந்தினால் ‘கே’ விசையையும் தட்டுங்கள். விண்டோஸில் ஒரு தட்டுக்கு 50 மில்லிவினாடி நகரும். சிங்கப்பூரில் எடுத்த பால் (PAL) காணொளி முறை டிவிடியில் ஒரு பிரேமே 40 மில்லிவினாடி என்பதால் இந்த அளவு போதும். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில், ஒலியும் படமும் பொருந்தும்போது விஎல்சி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் ஒரே எண் என்றால் நிலையான தாமதம். சீராகக் கூடிக்கொண்டே போனால் வேகப் பிசகு. விஎச்எஸ் நாடாவிலிருந்து மாற்றிய டிவிடிகளில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் பதிவுசெய்த கருவியில் படத்தின் கடிகாரமும் ஒலியின் கடிகாரமும் ஒத்துப்போயிருக்காது. ஓரிடம்வரை சரியாக இருந்து திடீரென்று தாவினால், கீறல் விழுந்த இடத்தில் தரவு விட்டுப்போயிருக்கிறது. அல்லது பதிவை நிறுத்தித் தொடங்கிய இடத்தில் நேரக்குறி மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட்டிருக்கிறது. மடிக்கணினியில் சரியாக இருந்து தொலைக்காட்சியில் மட்டும் பிசகினால் கோப்பைத் தொடவே வேண்டாம், சவுண்ட்பாரின் தாமதத்தைச் சரிசெய்தால் போதும்.

ஹேண்ட்பிரேக்கில் டிவிடியை நேரடியாகத் திறக்கலாம், அளவையும் நன்றாகச் சுருக்கலாம். ஆனால் ஒலியை இத்தனை மில்லிவினாடி நகர்த்து என்று சொல்ல அதில் பெட்டியே இல்லை. அதனால் ஒத்திசைவைச் சரிசெய்யும் கருவியாக அதை நம்ப முடியாது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஏற்றது.

காணொளியை வெட்டித் திருத்தும் அவிடெமக்ஸ் அதைவிட மேல். டிவிடியில் படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்புகளைக் கொடுத்தால் வரிசையாகச் சேர்த்துக்கொள்ளும். ஒலிப் பகுதியில் ‘ஷிஃப்ட்’ பெட்டியும் உண்டு. நிலையான தாமதத்துக்கு அது போதும். ஆனால் நேரக்குறி பூஜ்யமாகும் டிவிடிகளில் வெறும் விஓபி கோப்புகளை ஒட்டுவது ஆபத்து. எந்தத் துண்டுக்குப் பின் எது வரும் என்ற விவரம் ஐஎஃப்ஓ கோப்பில்தான் இருக்கிறது.

கைக்கு நம்பகமானது மேக்எம்கேவியும் எம்கேவிடூல்நிக்ஸும் சேர்ந்த வழி. மேக்எம்கேவி ஐஎஃப்ஓவைப் படித்து, படத்தையும் ஒலியையும் மறுபடி குறியாக்கம் செய்யாமல் அப்படியே ஒரே எம்கேவி கோப்பாக எடுக்கும், டிவிடிக்கு இலவசம். ஒத்திசைவு பிசகிய இடங்களை அதன் பதிவுச் சாளரமே நேரத்தோடு சொல்லும், அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். இன்னொன்று: 120 வினாடிக்குக் குறைந்த துண்டுகளை இயல்பாக ஒதுக்கிவிடும். மருதாணிக் காட்சி காணோம் என்றால் அந்த வரம்பைக் குறையுங்கள்.

அடுத்து, அந்த எம்கேவி கோப்பைத் திருத்தும் எம்கேவிடூல்நிக்ஸ். நிலையான தாமதம் என்றால் ஒலித் தடத்தைத் தேர்ந்தெடுத்து, ‘டிலே’ பெட்டியில் விஎல்சி காட்டிய எண்ணைக் குறியோடு அப்படியே போடுங்கள். ஒலி பிந்தினால் எதிர்க்குறி எண், உதாரணமாக கழித்தல் 900. சில நிமிடத்தில் முடியும், தரம் துளியும் குறையாது.

வேகப் பிசகில்தான் பலர் தவறுகிறார்கள். ‘ஸ்ட்ரெட்ச் பை’ பெட்டியில் ஒலியை நீட்டக் கூடாது. அந்த வசதி ஒலித் தடத்துக்கு ஏற்றதல்ல. படத்தை நீட்டுங்கள். 60 நிமிடத்தில் ஒலி 1.8 வினாடி பிந்தியிருந்தால் 3601.8 ஐ 3600 ஆல் வகுக்க வரும் 1.0005 ஐப் படத் தடத்துக்குக் கொடுங்கள். எடிட்டிங்குக்குப் போகும் கோப்பு என்றால் பிரேம் வேகம் கெடக் கூடாது. அப்போது ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் ஒலியின் டெம்போவை (வேகத்தை) 0.05 விழுக்காடு கூட்டுவதே சரி. ஒலியை மட்டும் மறுபடி குறியாக்க வேண்டியிருக்கும்.

தாவலுக்கு ஒரே எண் உதவாது. எம்கேவிடூல்நிக்ஸில் தாவிய நேரத்தில் கோப்பைப் பிளந்து, இரண்டாம் துண்டுக்கு மட்டும் தாமதம் கொடுத்துச் சேமித்து, பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். கேட்ட நொடியிலேயே வெட்டு விழாது. அருகிலுள்ள முழுப் பிரேமில் (மற்றவற்றைச் சாராமல் தனியே முழுப் படமும் இருக்கும் பிரேமில்) விழும். டிவிடியில் அந்த இடைவெளி சுமார் அரை நொடி.

எல்லாம் பொருந்திய பிறகே, அளவு குறைய வேண்டுமானால் ஹேண்ட்பிரேக். தரத்துக்கான ஆர்எஃப் எண் 20, பிரேம் வேகம் மூலத்தில் உள்ளபடி, நிலையானதாக. ஒலி ஏசி3 வகையாக இருந்தால் பாஸ்த்ரூ, அதாவது மாற்றாமல் அப்படியே விடுவது.

கடையில் விற்ற படங்களின் டிவிடிப் பூட்டை உடைப்பதைச் சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் தடுக்கிறது. மேலே சொன்னதெல்லாம் பூட்டில்லாத வீட்டு டிவிடிகளுக்கு. அவற்றிலும் கீறல் விழுந்ததை முதலில் கணினிக்கு எடுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுப்பதை இன்னொன்று படிக்கும் என்பதால் இரண்டு டிரைவில் முயன்று பார்த்த பிறகே பிளக்கும் வேலையைத் தொடங்குங்கள்.